சாட்சி மைக்

1. ஆறாம் சேனல்

தக்கலைப் பக்கம் ஒரு பெரிய சபையில் ஒன்பது வருடம் சவுண்டு ஆபரேட்டராக இருந்தேன். அதற்கு முன் கல்யாண வீடு, கோயில் கொடை விழா, கட்சி மீட்டிங் என்று மைக் செட் கட்டித் திரிந்தவன். முதல் நாள் அந்த ஹாலுக்குள் நுழைந்தபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாலாயிரம் நாற்காலி. முப்பத்திரண்டு சேனல் மிக்ஸர். என் வாழ்நாளில் அப்படி ஒரு மிக்ஸரைத் தொடுவேன் என்று நினைத்ததில்லை.

மீடியா இன்சார்ஜ் கல்ஃபில் ஸ்டூடியோ வேலை பார்த்துத் திரும்பியவர், என்னைவிடச் சின்னவர். ஆறாம் சேனலின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத் தொட்டுக் காட்டினார். அதுதான் சாட்சி மைக். வியாதி நீங்கியது, விசா கிடைத்தது என்று ஆட்கள் மேடையேறிச் சொல்லும் மைக்.

"அண்ணே, ஆளுக்கு ரெண்டு நிமிஷம். அழுதா ஆறைக் கூட்டுங்க. பேச்சு வேற பக்கம் போச்சுன்னா ஆறை எறக்கி கீபோர்டைக் கூட்டுங்க. ஆளுகளுக்குத் தெரியப்பிடாது."

ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டேன். யாருக்கும் தெரியாமல் ஒருவர் பேச்சை இசையில் கரைத்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

2. ரோஸ்மேரி அக்கா

ரோஸ்மேரி அக்கா கடற்கரை ஊர்க்காரி. மீன் விற்பவள். வியாபாரம் முடிந்து அப்படியே சபைக்கு வருவாள். மீன் வாடை என்று யாரும் அங்கே நகர்ந்து உட்கார்ந்ததில்லை. அக்கா அதைப் பெருமையாகச் சொல்வாள். அந்த ஹாலில் நல்லதே இல்லை என்று நான் எங்கேயும் சொல்ல மாட்டேன்.

அவள் கணவருக்குச் சர்க்கரை நோய். காலில் ஆறாத புண். சபையில் ஜெபித்த பிறகு புண் உலர்ந்தது. அவர் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டார். அக்கா மேடையேறி அழுதுகொண்டே சாட்சி சொன்னாள். நான் ஆறைக் கூட்டினேன். ஹாலே எழுந்து நின்றது. அந்த ஒன்றரை நிமிடத்தை வெட்டி, அடுத்த சுகமளிக்கும் கூட்டத்துக்கு விளம்பரமாக்கினார்கள். டிவியிலும் போனிலும் அக்காவின் முகம்தான்.

நாலு மாதத்தில் அவர் இறந்துபோனார். சபையில் யாருக்கும் தெரியாது. நாலாயிரம் பேரில் ஒரு ஆள் வரவில்லை என்றால் எந்த நாற்காலி காலி என்று யார் பார்ப்பது? விளம்பரம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

அப்புறம் கருங்கல் ஊரில் இருந்து ஒரு பெண் எப்படியோ நம்பர் வாங்கி அக்காவைக் கூப்பிட்டிருக்கிறாள். அந்த வீடியோவைப் பார்த்துத் தன் கணவரும் ஊசியை நிறுத்திவிட்டாராம், கால் விரல் கறுக்கிறதாம், இன்னும் எத்தனை நாள் விசுவாசமாய் இருக்க வேண்டும் என்று கேட்டாளாம். என் ஆளே செத்துப்போனார் என்று அக்கா சொன்னதை அவள் நம்பவில்லை. வேறு யாரோ தன் விசுவாசத்தைச் சோதிக்கப் பேசுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டாள். சொன்ன இடத்திலேயே போய்ச் சொன்னால்தான் நம்புவாள் என்று அக்கா முடிவு செய்தாள்.

3. ஞாயிறு

சாட்சி சொல்ல வருகிறவர்களிடம் முன்கூட்டியே விஷயம் கேட்பார்கள். அக்கா விளம்பரத்தில் வந்த முகம் என்பதால் ஒன்றும் கேட்காமல் மேடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

"நான் இங்க முன்ன சாட்சி சொன்னவதான். எனக்க மாப்பிளை ஊசிய நிறுத்தினது..." என்று தொடங்கினாள். பேச்சு வேறு பக்கம் போகிறது என்று பட்டதும் என் ஹெட்போனில் இன்சார்ஜின் குரல் வந்தது. "அண்ணே, கீபோர்டு."

என் விரல் யோசிக்கவில்லை. ஆறு இறங்கியது, கீபோர்டு ஏறியது. பாஸ்டர் அல்லேலூயா என்றார். ஜனம் கைதட்டியது. அக்கா பேசிக்கொண்டே இருந்தாள்.

ஃபேடரை இறக்கினாலும் ஆபரேட்டரின் ஹெட்போனில் அந்த சேனல் கேட்கும். வேலைக்காக அப்படி ஒரு பட்டன் உண்டு. அன்று நாலாயிரம் பேரில் நான் ஒருவன் மட்டும் கேட்டேன்: "அவரு செத்துப் போயாச்சு. ஆரும் மருந்த நிறுத்தாதிங்க."

கூட்டம் முடிந்ததும் அக்கா நேராக என் மேசைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"நீ கேட்டியா மக்கா?"

கேட்டேன் என்றேன்.

"அப்ப நீ எனக்ககூட கருங்கலுக்கு வா. தனியா போனா அவ என்னைய நம்பமாட்டா."

அந்த வாரம் புதன்கிழமை பெரிய கூட்டம் இருந்தது. ஸ்பீக்கர் ஏற்ற வேண்டும், கேபிள் இழுக்க வேண்டும். வியாழக்கிழமை வருகிறேன் என்றேன். உண்மையில் எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம்.

4. வியாழன்

கருங்கல் சந்தைக்குப் பின்னால் சின்ன வீடு. வாசலிலேயே புண் வாடை வந்தது. எங்களைக் கண்டதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம நாங்க ரெண்டுபேரும் வந்திருந்தோம்லா. நீங்க மறுபடியும் சாட்சி சொன்னியளே. பின்னால இருந்ததால வார்த்த கேக்கல்ல. ஆனா எல்லாரும் கைதட்டினாவ. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு இருந்தாரு, அதப் பாத்துட்டு வேண்டாம்னுட்டாரு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான்தான் சொன்னேன். மைக்கை நிறுத்தியது நான், அக்கா சொன்னது இது என்று வார்த்தை விடாமல் சொன்னேன். அந்தப் பெண் அழவில்லை. உள்ளே போய்க் கணவரின் சட்டையை எடுத்து வந்தாள். ஆட்டோவில் நானும் அக்காவும் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனோம்.

உயிர் மிஞ்சியது. வலது காலை முட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையே வந்திருந்தால் கால் இருந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

அந்த வேலையை விட்டுவிட்டேன். பெரிய சபை நல்லதா கெட்டதா என்று இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. எனக்குத் தெரிந்தது மிக்ஸர்தான். மேடையில் ஒருவர் பேசுவது பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றால், அவர் பேசியதாக அங்கே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நாம் எதைக் கேட்கவிட்டோமோ அதைத்தான் அவர் சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே துக்கத்தைச் சொல்ல வந்தவரின் மைக்கை இறக்கச் சொல்கிற இடம் எதுவானாலும், அங்கே வேலைக்கு நிற்காதீர்கள்.

அக்கா இப்போதும் மீன் விற்கிறாள். வழியில் கண்டால் நின்று பேசுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.