வாப்பா யாரில் தங்கியிருக்கிறார்?

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் என்னை எம்.எஸ்ஸி. முதுமாணிப் படிப்புக்கு எடுத்துக்கொள்வதாக எழுதியபோது, நான் கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. பேராதனையில் தாவரவியல் படித்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். நெற்பயிரை அழிக்கும் ஒரு பூஞ்சண நோயை ஆராயவேண்டும் என்பது என் ஆசை. அந்த ஆசை எனக்குத் தெளிவாக விளங்கியது. கடிதத்தோடு வந்த கட்டண விபரம்தான் விளங்கவில்லை.

ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரைக்கும் படிப்பதற்கென்று யாரும் என்னிடம் காசு கேட்டதில்லை. பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும் இலவசம். படிப்புக்கு ஒரு விலை இருக்கலாம் என்பதே எங்கள் மருதமுனை வீட்டில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்ட சேதி.

வாப்பாவுக்கு நற்பிட்டிமுனைப் பக்கம் வயல் இருந்தது. இங்கிலீசு தெரியாது. கணக்கு நன்றாகத் தெரியும். அசர் தொழுதுவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"ஒவ்வொண்டா வாசி புள்ள."

வாசித்தேன். கட்டணம் இரண்டு விதமாகப் போட்டிருந்தது. உள்நாட்டு மாணவருக்கு ஒன்று, வெளிநாட்டு மாணவருக்கு அதைப்போலப் பல மடங்கு.

"நாம எதுக்குள்ள வாறம்?"

"வெளிநாட்டுக்குள்ள வாப்பா."

"நாம நம்மட நாட்டுலதானே இரிக்கம்?" என்றார். பிறகு தானே விளங்கிக்கொண்டு, "ஒரே வகுப்பு, ஒரே மாஸ்டர். வெல மட்டும் ரெண்டா?" என்று கேட்டார்.

அடுத்த வரியில் 'பெஞ்ச் ஃபீ' என்று இருந்தது. சொல்லைச் சொல்லாகவே மாற்றி, வாங்குக் காசு என்றேன்.

"இரிக்கிற வாங்குக்கும் காசா?" வாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்மட ஓடாவிக்கிட்டச் சொன்னா முதிரை மரத்துல ஒண்டு அடிச்சித் தருவார். கப்பல்ல அனுப்பினா அதைவிடக் கொறயும்."

பகிடியா, உண்மையாகவா என்று எனக்குத் தெரியவில்லை. ஆய்வுகூடத்தில் செலவாகும் மருந்துகளுக்கும் கண்ணாடிச் சாமான்களுக்குமான கட்டணம் அது என்பது எனக்கே அப்போது தெரியாது.

அதற்கும் கீழே 'மெயின்டெனன்ஸ்'. பராமரிப்பு என்றேன். வாய்க்கால் பராமரிப்புக்கு வருடா வருடம் வயற்காரர்கள் காசு சேர்ப்பார்கள். வாப்பா அதை நினைத்துக்கொண்டு, "அவங்கட கட்டடம் இடிஞ்சா நாம ஏன் குடுக்கணும்?" என்றார். பாடசாலை நூலகத்து அகராதியில் தேடிய பிறகுதான், அது கட்டடத்துக்கு அல்ல, எனக்கு என்று விளங்கியது. நான் சாப்பிட, உடுக்க, படுக்க ஆகும் செலவு. பராமரிக்கப்படவேண்டியது நான்தான்.

இங்கிலாந்துக் காசு ஒரு பவுனுக்கு எத்தனை ரூபா என்று கேட்க இருவரும் கல்முனை வங்கிக்குப் போனோம். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தவர் ஒரு விலை சொன்னார்.

"இது இண்டைக்கு. நாளைக்கு மாறும்."

"ஏறுமா, எறங்குமா?" என்றார் வாப்பா.

"அது எங்களுக்கும் தெரியா. அதோட, காசு வெளிய அனுப்புறதுக்குக் கொழும்புல அனுமதி எடுக்கணும்."

வழியில், லண்டனில் மேற்படிப்புப் படித்து வந்த ஒரு டாக்டரின் வீட்டுக்குப் போனோம். சாப்பாடு மலிவு, பயப்படவேண்டாம் என்றார் டாக்டர். அவருடைய மனைவி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "அவர் சொல்றத நம்பாதீங்க. சாப்பாடில்ல, குளிர்தான் காசத் தின்னும். அறைச் செவருல ஒரு பெட்டி இரிக்கி. அதுக்குள்ள சில்லறை போட்டாத்தான் சூடு வரும். சில்லறை முடிஞ்சா சூடும் முடிஞ்சிடும்" என்றார். கடற்கரையில் வளர்ந்த எனக்கு, சூட்டைக் காசுக்கு வாங்குவதை எப்படிக் கணக்கில் சேர்ப்பதென்று பிடிபடவில்லை.

இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த உம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"எவ்வளவெண்டாலும் குடுங்க. ஆனா குமர்ப்புள்ள தனியப் போகேலா."

"அப்ப நான் கூடப் போறன்" என்றார் வாப்பா.

கடிதத்தைத் திரும்ப எடுத்தேன். மாணவரில் தங்கியிருப்போர், அதாவது மாணவரின் செலவில் வாழ்பவர்கள், கூட வருவதானால் ஆளுக்கு இவ்வளவு மேலதிகமாகக் காட்டவேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதைச் சொன்னதும் வாப்பாவின் முகம் மாறியது.

"நீ என்னில தங்கி இரிக்கிறியா, நான் ஒன்னில தங்கி இரிக்கிறனா?"

"அந்த ஊர்க் கணக்கில நீங்கதான் வாப்பா, என்னில."

எனக்கும் குழப்பமாகவே இருந்தது. அந்த வருடம் போகம் பிழைத்து விளைச்சல் இல்லாமல் போயிருந்தது. என் சம்பளத்தில் ஒரு பங்கு வீட்டுக்குத்தான் போனது. ஆனால் நான் இருந்த வீடும் உண்ட சோறும் வாப்பாவுடையவை. யார் யாரில் தங்கியிருந்தோம் என்று அதுவரை எங்களில் யாரும் யோசித்ததில்லை.

அந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு எழுதிக் கேட்டேன். தங்கியிருப்போர் என்றால் கணவனும் பிள்ளைகளும் மட்டுந்தான், தகப்பன் அதற்குள் அடங்கமாட்டார் என்று அவர் மரியாதையாகப் பதில் எழுதினார்.

"அப்ப கலியாணத்த முடிச்சிப் போட்டு மாப்பிள்ளையோட போகட்டும்" என்றார் உம்மா. சாய்ந்தமருதில் ஒரு மாப்பிள்ளையும் பார்த்தார்கள். அவருக்குச் சம்மதம். ஆனால் எங்கள் வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்கவேண்டும். வீட்டுக்கும் அந்த வயலைத்தான் விற்கவேண்டும், படிப்புக்கும் அதே வயலைத்தான் விற்கவேண்டும். படிக்கப் போக மாப்பிள்ளை வேண்டும், மாப்பிள்ளை வந்தால் படிக்கக் காசு இல்லை. அந்தக் கிழமை முழுவதும் நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதியவற்றைப் பிள்ளைகள் திருத்தினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த வாப்பா, தொப்பியைக் கழற்றாமலே சொன்னார்.

"இது வெளங்காத கணக்கு. ரெண்டு பேர் போனா ரெண்டு மடங்கு வெளங்காமப் போகும். நீ போ மகள். அல்லாஹ்ட காவல்."

உம்மா கொஞ்ச நாள் எங்கள் இருவரோடும் கதைக்கவில்லை. வயலில் பாதி கைமாறியது. வீடு கட்டும் பேச்சைத் தள்ளிப்போட்டதால் சாய்ந்தமருது மாப்பிள்ளை வேறிடத்தில் முடித்துக்கொண்டார். கொழும்பு அனுமதி வந்ததும் நான் புறப்பட்டேன்.

அங்கே போன பிறகு எந்தக் கணக்கும் சொன்னபடி இருக்கவில்லை. ஹலால் இறைச்சி கிடைக்காமல் முட்டையும் சோறுமாகச் சாப்பிட்டதில் மிச்சம் பிடித்தேன். பிடித்ததெல்லாம் காலுக்குச் சப்பாத்தும் மேலுக்குக் கம்பளிச் சட்டையும் வாங்குவதில் போனது. மாத நடுவில் காசு தீர்ந்துவிடும், முடிவில் பார்த்தால் எங்கோ கொஞ்சம் மிஞ்சியிருக்கும். எப்படி ஒரு வருடம் ஓடியதென்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. படித்து முடித்தேன் என்பது மட்டும் உண்மை.

திரும்பி வந்த அன்று கட்டுநாயக்கா விமானநிலையத்துக்கு வாப்பா வந்திருந்தார். கிழக்கே போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்துத் தந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மஹியங்கனை தாண்டும்வரை ஊர்க்கதைகள் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எல்லாத்தையும் கூட்டினா எவ்வளவு காசு முடிஞ்சிரிக்கும் புள்ள?"

"தெரியா வாப்பா" என்றேன்.

"எனக்கும் தெரியா" என்றார்.