பக்கத்து வளவு மாமி இறைத்த கிணறு

பிள்ளைகளே, பக்கத்து வளவு மாமி ஏன் இப்போது நம் வீட்டுக்கு வருவதில்லை என்று கேட்டுக்கொண்டேயிருக்கிறீர்கள். வழக்கில் வென்றோம் என்பது உங்களுக்குத் தெரியும். எப்படி வென்றோம் என்று நான் சொல்லவில்லை. நேரே சொன்னால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

வழக்கு, இரண்டு வளவுக்கும் நடுவிலுள்ள கிணற்றுத் துண்டுக்காக. இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணீர் எட்டாத நம் பக்கத்தில் கிணறுதான் உயிர். அது உங்கள் அப்பப்பா கட்டியது. போரில் இடம்பெயர்ந்து திரிந்ததில் காணி உறுதிப் பத்திரம் தொலைந்துபோனது. திரும்பி வந்தபோது கிணறும் பாதி தூர்ந்து கிடந்தது. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய மாமி, புருஷன் செத்தபின் தனியாளாக அந்தத் துண்டில் மிளகாய் போட்டுவந்தார். அவர்மேல் போட்ட வழக்கில், ஆதாரம் இல்லாததால் மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றேன். மேன்முறையீடு செய்தேன்.

அது முடியுமுன் கடும் வரட்சி. மாமி ஆள்பிடித்துக் கிணற்றை இறைத்துத் தூர் அள்ளினார். ஒருநாள் காலை வேலியடியில் நின்று கூப்பிட்டார்.

“அண்ணே, கொஞ்சம் வாங்க. உங்க அப்பா பேரு எழுதியிருக்குங்க.”

எட்டிப் பார்த்தேன். உள்கட்டில், ஈரச் சீமெந்தில் ஆணியால் கீறிய அப்பாவின் பெயரும் ஆண்டும். கிணறு கட்டுகிறவர்கள் அப்படிக் கீறுவது வழக்கம்தான். நான் பிறக்குமுன் கட்டிய கிணறு, எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மாமி அந்த இடத்தைத் தேங்காய்த் தும்பால் தேய்த்துத் துப்புரவாக்கி வைத்திருந்தார்.

“செத்தவங்க எழுத்து. சேத்துல கெடக்கக் கூடாதுங்க.”

எனக்குக் கண் கலங்கியது. அதுவும் உண்மைதான். பிறகு போனை எடுத்துப் படம் பிடித்தேன்.

“புள்ளைங்களுக்குக் காட்டவா?”

“ஓம்” என்றேன்.

உங்களுக்குக் காட்டவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிச் சட்டத்தரணியிடம் போனேன்.

“முதல் வழக்கிலை ஏன் இதைக் காட்டேல்லை?” என்று கேட்டார்.

“தூர்ந்து கிடந்தது, சேர். ஒருத்தருக்கும் தெரியாது.”

“மேன்முறையீட்டிலை புதுச் சாட்சியம் லேசிலை எடுக்கமாட்டினம். முந்தித் தேடியிருந்தாலும் கிடைச்சிராது எண்டு காட்டவேணும். பிறகு செய்துவைச்சதில்லை எண்டும் காட்டவேணும். ஆர் கண்டது?”

“பக்கத்து வளவு அவாதான்.”

அவர் கதிரையில் நிமிர்ந்திருந்து சிரித்தார். “எதிராளியே இறைச்சுத் தந்த சாட்சியோ! அண்ணை, உங்களுக்குக் கிணத்துக்குள்ளையும் சுக்கிரன்.”

மாமி கண்டதையும் கூப்பிட்டுக் காட்டியதையும் உள்ளபடியே சத்தியக் கடதாசியில் சொல்லிக் கையெழுத்து வைத்தேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மாமி மறுக்கவில்லை. நீதிமன்றம் சாட்சியத்தை ஏற்றது. பிறகு தீர்ப்பும் நம் பக்கம் வந்தது.

தீர்ப்பன்று பஸ்தரிப்பில் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவேண்டி வந்தது.

“இல்லேன்னு சொல்லுன்னு எங்க லாயரு சொன்னாரு, அண்ணே. நான்தானே கூப்பிட்டுக் காட்டுனேன். எப்பிடி இல்லேங்குறது?”

“தங்கச்சி...” என்றேன்.

“தூர் அள்ளாம விட்டிருந்தா என் கெணறாவே இருந்திருக்கும்” என்று சிரித்துவிட்டு, வந்த பஸ்ஸில் முன்கதவால் ஏறினார். நான் பின்கதவால் ஏறினேன்.

வழக்காடியது பிழை என்று நான் சொல்லவரவில்லை. அது அப்பப்பாவின் கிணறுதான். ஆனால் அன்று கிணற்றடியில், “தங்கச்சி, இதை நான் கோட்டிலை சாட்சியாக் குடுக்கப்போறன்” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அழித்துவிடுவாரோ என்று பயந்தேன். தும்பால் தேய்த்துவைத்த மனுசியை அப்படி நினைத்தேன்.

எல்லை அளந்து கல் போட்டாயிற்று. நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு காலையில் வேலி அடைக்கத் தொடங்கினேன். கதியால் தடிகளை நட்டுக்கொண்டு கிணற்றடிக்கு வந்ததும், மாமி வளவிலிருந்து குடத்தோடு ஓராள் நுழையுமளவுக்கு வேலியில் ஒரு பொட்டாக வழி விட்டேன். வாளியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நானே அதற்குள்ளால் நுழைந்து பார்த்தேன். ஓரத்துக் கதியால் தோளில் உரசியது. அதைப் பிடுங்கி, ஒரு சாண் தள்ளி நட்டேன்.