பைக்குள் ஆட்டம் இருக்கக் கூடாது

நாங்கள் இருவரும் போகவிருந்த நாலு நாள் போர்ச்சுகல் பயணத்துக்கு நோரா எடுத்து வைத்திருந்த பையைப் பார்த்துவிட்டு, "மற்ற பையெல்லாம் எங்கே?" என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "எந்த மற்ற பை?" என்றாள். நோரா அயர்லாந்துக்காரி, எங்கள் மருத்துவமனையில் என்னோடு ஒரே வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ். அவள் முதுகில் தொங்கிய அந்தப் பையை எங்கள் சிவகாசிப் பக்கம் வேலைக்குச் சோறு கொண்டுபோகத்தான் எடுப்பார்கள். அதற்குள் நாலு நாளை எப்படி அடைத்தாள் என்று எனக்கு ஆச்சரியம். நான் வாங்க நினைத்திருந்த சூட்கேஸின் அளவைக் கையை விரித்துக் காட்டினேன். அதற்குள் நீயே படுத்துக்கொள்ளலாமே என்று சிரித்தாள்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே அயர்லாந்தில் மலிவு விமானங்கள் உண்டு. நம்ம ஊரில் பஸ் ஏறுவது போல ஏறிப் பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டு வருவார்கள். ஆனால் ஏறும் வாசலில் இரும்பில் ஒரு கூண்டு வைத்திருப்பார்கள். பை அதற்குள் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் நீங்கள் என்ன அழுதாலும் அசைய மாட்டார்கள். நான் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒன்று உயரம் கூடுதல், இன்னொன்றுக்குச் சக்கரம் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. சலித்துப்போய் வீட்டுக்கு வந்தபோதுதான் அலமாரி மேலே இருந்த அப்பாவின் பை கண்ணில் பட்டது. இறக்கி டேப்பை வைத்து அளந்தேன். கூண்டுக்கென்றே தைத்தது போல இருந்தது.

அது பழுப்பு நிற ரெக்சின் பை. அப்பா நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பல வருஷம் அந்தப் பையில்தான் தூக்குச்சட்டியும் துண்டும் மாற்றுச் சட்டையும் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். நான் அயர்லாந்துக்குக் கிளம்பிய அன்று பெட்டியின் எடை கூடிவிட்டது. அம்மா ஊறுகாய் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிற நிலையில் நின்றாள். அப்பா ஆணியிலிருந்து தன் பையை எடுத்து, உதறி, ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தார். மறுநாளிலிருந்து அவர் ஜவுளிக்கடை மஞ்சப்பையில் சோறு கொண்டுபோனார் என்று அம்மா பிறகு போனில் சொன்னாள்.

நோரா ஒரு சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் அடுக்கியதையெல்லாம் கட்டிலில் கொட்டி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். "இந்தக் கம்பளிப் போர்வை எதற்கு?" ஒருவேளை குளிர்ந்தால். "இந்த ஊறுகாய்?" ஒருவேளை சாப்பாடு பிடிக்காவிட்டால். "பட்டுச்சேலை?" ஒருவேளை யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டால் என்று எப்படிச் சொல்ல? "போர்ச்சுகலிலும் கடைகள் உண்டு, தெரியுமா?" என்றாள் நோரா. சத்தியமாக அது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் பயணம் என்றால் போகிற இடத்தில் ஒன்றுமே கிடைக்காது என்றுதான் கணக்கு. ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கும் மல்லாங்கிணறுக்குப் பெரியப்பா வீட்டுப் பொங்கலுக்குப் போனால்கூட அம்மா நாலு பை கட்டுவாள். அதில் ஒன்றில் குடிதண்ணீர் இருக்கும். "அங்கன தண்ணி பிள்ளைகளுக்குச் சேராது" என்பாள். கடைசியில் நோராவே தன் கையால் எட்டே எட்டு சாமான்களை உருட்டிச் சுருட்டிப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லாதது போல இருந்தது. யாரோ என்னை வீட்டை விட்டுத் துரத்துகிற மாதிரி ஒரு பயம் வந்தது.

விமான நிலையத்தில் சோதனை மேசைக்குப் பின்னால் இருந்தவர், "இந்தப் பையில் சாமான்களை நீங்களேதான் அடுக்கினீர்களா?" என்று கேட்டார். உள்ளது உள்ளபடி, "இல்லை, இவள் அடுக்கினாள்" என்று நோராவைக் காட்டினேன். எங்கள் வீட்டில் ஊருக்குப் போகிறவள் தன் பையைத் தானே கட்டுவதில்லை. கட்டிக்கொடுக்க ஆள் இல்லாதவள்தான் அப்படிச் செய்வாள். நோரா கண்ணை உருட்டியதும்தான் நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அவர் பையைத் தனியே எடுத்துவைத்தார். ஒரு குச்சியின் நுனியில் வெள்ளைத் துணித்துண்டை மாட்டி, கைப்பிடியிலும் ஜிப்பின் ஓரத்திலும் உள் தையலிலும் தேய்த்து ஒரு இயந்திரத்துக்குள் விட்டார். இயந்திரம் கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது. வெடிமருந்துத் தடயம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அப்பாவின் கை. பொடி சலிக்கிற அறையிலும் மருந்து கலக்கிற அறையிலும் நாளெல்லாம் நின்ற கை. அலுமினியப் பவுடர் நகக்கண்ணில் ஏறினால் நாலு நாள் குளித்தாலும் போகாது. எட்டு சாமானையும் மேசையில் பரப்பினார்கள். வரிசையில் நின்றவர்கள் மெல்லப் பின்னால் நகர்ந்தார்கள். இன்னொரு அதிகாரி வந்து, "இந்தப் பை இதற்கு முன் யாரிடம் இருந்தது?" என்று அமைதியாகக் கேட்டார். என் அப்பாவிடம், அவர் பட்டாசு செய்கிறவர் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனியில் இருந்தது. என் பழுப்புக் கையையும் வரிசையில் நின்ற கண்களையும் பார்த்தேன். "தெரியாது. பழைய சாமான் சந்தையில் வாங்கினேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். இன்னும் இரண்டு கேள்வி கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள், விட்டுவிட்டார்கள். நோரா என் தோளைத் தட்டி, பழைய பை வாங்கினால் இப்படித்தான் என்றாள். அவளுக்கும் அந்தப் பை யாருடையது என்று நான் சொல்லியிருக்கவில்லை. போர்ச்சுகலில் கடல் நன்றாக இருந்தது, வெயில் நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் பாதி. எடுத்துப்போன சாமான்களே எனக்குப் போதுமானதாக இருந்ததுதான் பெரிய அதிசயம். ஆனால் அறையில் நாற்காலி மேல் அந்தப் பை உட்கார்ந்திருந்ததைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. பெற்ற தகப்பனைத் தெரியாது என்று சொன்னவள் நான்.

திரும்பி வந்ததும் நிமிஷக் கணக்கில் விற்கும் காலிங் கார்டைச் சுரண்டி அப்பாவுக்குப் போன் போட்டேன். பை கத்திய கதையைச் சிரிப்பாகவே சொன்னேன். அவர் கோபப்படுவார், வருத்தப்படுவார் என்று நினைத்தால், மனுஷன் அதிகாரியின் பக்கம் சேர்ந்துகொண்டார்.

"அவுக செஞ்சது சரிதான தாயி? நானும் காலைல கேட்டுல நின்னு ஒவ்வொருத்தன் மடியையும் தடவிப் பாத்துத்தான் உள்ள விடுதேன். தீப்பெட்டி இருக்கா, பீடி இருக்கான்னு. மச்சினன்னாலும் விடமாட்டேன்ல." பிறகு, "யாரு பைன்னு கேட்டாகளா? நீ என்ன சொன்ன?" என்றார்.

"எங்கப்பா பையின்னு சொன்னேன்ப்பா. பட்டாசுக் கம்பெனி போர்மேன்னு சொன்னேன்."

ஒரு பொய்யை மூட இன்னொரு பொய். அது அத்தோடு நிற்கவில்லை. அடுத்த வாரம் அம்மா பேசும்போது, "ஒங்கப்பா கம்பெனி பூராவும் சொல்லிட்டு அலையுதாருடி. வெள்ளைக்கார ஆபீசருகிட்டயே எங்கப்பா போர்மேன்னு நிமிந்து சொல்லிருக்கா எம் பொண்ணுன்னு. லோடு ஏத்த வர்ற லாரிக்காரனையும் விடல" என்றாள். போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன்.

அந்த வருஷத் தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி பூட்டியிருந்த நேரத்தில் ஒன்பது நாள் விடுப்பில் ஊருக்குப் போனேன். புதிதாக ஒரு பை வாங்கியிருந்தேன். கருநீலம், எந்த வாசனையும் இல்லாதது. ஒன்பது நாளுக்கும் அது ஒன்றுதான். அவ்வளவு தேறிவிட்டேன் என்று எனக்கே ஒரு பெருமை. சிவகாசி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அப்பா நின்றிருந்தார். எங்கள் பக்கம் வருகிறவரின் கையிலிருந்து பையை வாங்குவதுதான் முதல் மரியாதை, வாங்க என்று சொல்வதெல்லாம் அப்புறம்தான். நான் பையை நீட்டினேன். அப்பா கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இரு தாயி" என்று பக்கத்து டீக்கடைக் குழாய்க்குப் போனார். சட்டைப்பையிலிருந்து சோப்புத் துண்டை எடுத்து முழங்கை வரை தேய்த்துக் கழுவினார். ஒருமுறை கழுவி, மறுபடி கழுவினார். துண்டில் துடைத்துவிட்டு வந்தும் கையால் பிடிக்கவில்லை. துண்டைக் கைப்பிடியில் சுற்றி அதன் மேல் பிடித்துத் தூக்கினார். "போகையில மறுபடியும் ஒனக்குச் செரமம் வந்துரக் கூடாதுல்ல" என்றார். கம்பெனி பூட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. நான் பின்னாலேயே நடந்தேன்.

வீட்டில் அம்மா பையைப் பார்த்த பார்வையே வேறு. "ஏண்டி, எம்புட்டுத் தூரத்துல இருந்து வார! இதத்தான் கொண்டாந்தியா? எழவு வீட்டுக்குப் போறவகூட இதவிடப் பெருசா கொண்டு போவாளே. நாளைக்கே போயிருவியா?" என்றாள். சின்னப் பை என்றால் தங்க வரவில்லை என்று அர்த்தம். குறைந்த சாமானோடு பயணம் போவது ஒரு கெட்டிக்காரத்தனம் என்று அவளுக்கு ஒன்பது நாளும் என்னால் புரியவைக்க முடியவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் பையைக் காலி செய்து அப்பா முன்னால் வைத்தேன். "நீங்களே கட்டிக் குடுங்கப்பா" என்றேன். "வேண்டாம் தாயி, எங் கை ஆகாது" என்றார். "துண்டெல்லாம் சுத்தக் கூடாது. வெறுங்கையால கட்டுங்க" என்று பிடிவாதம் பிடித்தேன். மறுபடியும் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். பெட்டிக்குள் வெடி அடுக்குகிற கணக்கில் அடுக்கினார். கனமானது அடியில், மெலிசானது ஓரத்தில். இடைவெளி விழுந்த இடமெல்லாம் பழைய தினசரித் தாளைக் கசக்கி உருட்டிச் செருகினார். ஜிப்பை இழுத்து, பையைத் தூக்கிக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். "உள்ள ஆட்டம் இருக்கக் கூடாது. ஆடுனா ஒண்ணோட ஒண்ணு உரசும். உரசுனா வம்பு" என்றார். அம்மா தந்த முறுக்கும் பருப்புப்பொடியும்கூட அதற்குள் போய்விட்டன. நோரா பார்த்திருந்தால் அப்பாவிடம் பாடம் கேட்டிருப்பாள்.

அயர்லாந்து போக நடுவழியில் ஒரு நாட்டில் விமானம் மாற வேண்டும். அங்கே மறுநாள் மத்தியானத்தில் மறுபடியும் அதே வெள்ளைத் துணித்துண்டு. இளவயது அதிகாரி கைப்பிடியில் தேய்த்தார், ஜிப்பில் தேய்த்தார், இயந்திரத்துக்குள் விட்டார். பச்சை விளக்கு எரிந்தது. "போகலாம்" என்றார். அப்பா அவ்வளவு நன்றாகக் கழுவியிருந்தார்.

எனக்குக் கால் நகரவில்லை. யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னேன். "இந்தப் பையை என் அப்பா கட்டினார். அவர் வெடி செய்கிற கம்பெனியில் போர்மேன்."

அவர் முகம் மாறியது. கேட்காமலே வெடி என்று சொல்கிறவளைப் பார்த்து எந்த அதிகாரி சும்மா இருப்பார்? இருவர் வந்தார்கள். என்னைத் தனி மேசைக்குக் கூட்டிப்போனார்கள். என்ன வெடி, எங்கே, எதற்கு என்று கேட்டார்கள். தீபாவளி என்றேன், ராக்கெட், சங்குசக்கரம், புஸ்வாணம் என்று கையால் சுற்றிக் காட்டினேன். அவர்களுக்குப் பாதி புரிந்தது. அப்பா செருகிய தாள் உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்து நீவிப் பார்த்தார்கள். மேசை முழுக்கத் தமிழ் எழுத்து. நகைக்கடை விளம்பரமும் சாத்தூர் மழைச் செய்தியும் கண்ணீர் அஞ்சலிப் படமும் அந்த வெள்ளை வெளிச்சத்தில் விரிந்து கிடந்தன. ஒன்றும் இல்லை என்று அவர்கள் முடிவுக்கு வருவதற்குள் என் விமானம் போய்விட்டது. அடுத்தது ஆறு மணி நேரம் கழித்துத்தான்.

தூண் ஓரம் இருந்த போனில் வீட்டுக்குப் பேசினேன். அப்பாதான் எடுத்தார்.

"என்னத்தா, போய்ச் சேந்துட்டியா?"

"இல்லப்பா. நடுவுல இருக்கேன். விமானம் போயிருச்சு."

"ஐயையோ, எங் கையாலயா? மிஷினு பிடிச்சிருச்சா?"

"இல்லப்பா, அது பச்சை காட்டிருச்சு. நானாத்தான் சொன்னேன், எங்கப்பா வெடி போர்மேன்னு."

"கிறுக்கா ஒனக்கு? கேக்காம எதுக்குச் சொன்ன?"

"போன வாட்டி கேட்டப்ப சொல்லலப்பா. சந்தையில வாங்குன பையின்னு சொல்லிட்டேன். ஒங்ககிட்டயும் பொய்தான் சொன்னேன்."

கார்டில் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சாப்பிட்டியா?" என்றார். "முறுக்க ஓரத்துல வச்சேன். நொறுங்கிருக்காது, எடுத்துத் தின்னு."

வந்து நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன். தாள் உருண்டைகளை அவர்கள் திருப்பி வைக்கவில்லை, எல்லாவற்றையும் என் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றாகக் கசக்கி அதே இடைவெளிகளில் செருக முயன்றேன். எனக்கு அவ்வளவு கைப்பழக்கம் இல்லை. பையைத் தூக்கிக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். உள்ளே ஏதோ ஒன்று ஆடிக்கொண்டேதான் இருந்தது.