தண்ணீரை நிறுத்திக் கடலைக் கேட்டவர்

காலிதீன் ஹாஜியாரின் இறால் பெக்டரியில் குளிர்மெசினைப் பார்க்கிறவர் பாக்கியராசா. கல்முனைக்குடிக் கடற்கரைப் பக்கம், சுனாமிக்குப் பிறகு எழும்பிய கட்டடம் அது. பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருவார். வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மெசின் அறையின் இரும்புக் கதவை அகலத் திறந்து, அது சாத்திக்கொள்ளாதபடி ஒரு கல்லை முட்டுக்கொடுப்பார். மற்ற வேலையெல்லாம் பிறகுதான்.

அந்த மெசின் குளிரை உண்டாக்குவதில்லை. இறால் கழுவும் தண்ணீரில் இருக்கிற சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான். செப்புக் குழாய்களுக்குள் தண்ணீர் ஓடும். குழாய்களைச் சுற்றி ஒரு திரவம் கொதித்து வாயுவாகும். கொதிக்கத் தேவையான சூட்டைத் தண்ணீரிடமிருந்துதான் அது பிடுங்கும். கொம்பிரசர் அந்த வாயுவை இழுத்து, நெருக்கி, வெளியே காற்றாடி சுழலும் கூட்டுக்குத் தள்ளும். அங்கே சூட்டை விட்டுவிட்டு மறுபடி திரவமாகித் திரும்பி வரும்.

இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. தொடங்கும்போது முதலில் தண்ணீர்ப் பம்பு, பிறகு கொம்பிரசர். நிறுத்தும்போது முதலில் கொம்பிரசர், பிறகு பம்பு. தண்ணீர் ஓடாமல் நிற்க, கொம்பிரசர் மட்டும் ஓடினால், நின்ற தண்ணீர் குழாய்க்குள்ளேயே உறைந்து ஐஸ்கட்டியாகும். கட்டியானால் பெருக்கும். பெருத்தால் குழாய் வெடிக்கும்.

நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் பாக்கியராசா இதைச் சொல்வார். ஆனாலும் அந்த ஒழுங்கை அவர் நாள்தோறும் உடைத்தார்.

சுனாமி வந்த காலையில் அவர் வேறொரு ஐஸ் பெக்டரியில் வேலையில் இருந்தார். தோணிக்காரர்கள் கதைபேச உள்ளே வந்துவிடுவார்கள் என்று கதவுக்கு உள்ளால் தாழ் போடுவது அங்கே வழக்கம். சுவரும் தடிப்பு, மெசின்களின் இரைச்சலும் பெரிது. ஜன்னலால் தண்ணீர் கொட்டியபோதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. நெஞ்சுவரை ஏறி நின்றது. கதவு தாங்கியது. அதனால் பிழைத்தார்.

பக்கத்துத் தண்ணீர்த் தாங்கியில் ஏறித் தப்பிய வேலப்போடி பிறகு ஒருநாள் சொன்னார்: "ஒங்கட பொஞ்சாதி வந்தவ, தம்பி. கதவில அடிச்சி அடிச்சிக் கூப்பிட்டவ. நானும் மேல நிண்டு கத்தினன், ஓடு புள்ள எண்டு. அவ போகல்ல."

மனைவி தங்கரத்தினத்தின் உடல் கிடைக்கவில்லை.

புதிய பெக்டரியில் சேர்ந்த பிறகு கொம்பிரசரின் உறுமல் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. அது ஒரே சீரான சத்தம். அதற்குள்ளே ஆளின் குரலைப் பிரித்துவிடலாம். குழாயில் தண்ணீர் இரையும் சத்தந்தான் ஆகாது. அதற்குள் கடல் இருந்தது. சில வேளை, கதவில் அடிக்கிற சத்தமும் இருந்தது. அப்போதெல்லாம் பம்பை மட்டும் நிறுத்திக் காதைக் கொடுப்பார். ஒன்றும் இல்லையென்றால் மறுபடி போடுவார்.

இறால் கழுவும் பெண்களுக்கு மூத்தவள் முனவ்வறா. அவள் வாய்க்கு ஹாஜியாரே பயம்.

"ராசாண்ண, என்ன தண்ணி நிண்டு நிண்டு வருகுது? மெசினுக்கு விக்கல் புடிச்சிட்டா?"

"ஓம் புள்ள. நீ ஏசுறதக் கேட்டு விக்குது."

குழாயில் ஒரு காவல் இருந்தது. தண்ணீர் ஓடினால் சாய்ந்தும், நின்றால் நிமிர்ந்தும் நிற்கும் சிறு தகடு அது. நிமிர்ந்தவுடன் கொம்பிரசரை நிறுத்திவிடும். ஒருமுறை நின்றால் கொம்பிரசர் உடனே எழும்பாது, ஆறவேண்டும். அதற்குள் கழுவும் அறையில் வேலை கெட்டு, ஹாஜியார் வந்து ஏன் என்று கேட்பார். கேட்டால் என்ன சொல்வது? ஆகவே ஒரு துண்டு வயரால் பாக்கியராசா அந்தக் காவலைக் கட்டிப்போட்டார். தண்ணீர் நின்றாலும் ஓடுவதாகவே மெசின் நம்பியது.

யுத்தம் முடிந்த நாள் வந்தது. முற்பகல். முதலில் வீதியில் வாகனங்கள் ஹோன் அடித்தன. பிறகு கூச்சல். பிறகு எங்கேயோ படபடவென்று வெடித்தது. பாக்கியராசா பம்பை நிறுத்தினார். ஆட்கள் ஓடுகிற காலடிச் சத்தம் நன்றாகக் கேட்டது.

கடல் வருகிறது.

அவர் பம்பை மறுபடி போடவில்லை. ஓடினார். கால் பட்டு முட்டுக்கல் உருண்டது. கதவு பின்னால் அறைந்து சாத்திக்கொண்டது. கடற்கரையில் போய் நின்றபோது கடல் தட்டையாகக் கிடந்தது. தோணிகள் அசையவில்லை.

அவ்வழியால் வந்த ஓட்டோக்காரர் கேட்டார்: "என்ன அண்ண, மூச்சு வாங்குறீங்க?"

"கடல்..."

"கடலா? யுத்தம் முடிஞ்சிட்டாம். சந்தியில பட்டாசு போடுறானுகள்."

பாக்கியராசா மணலில் குந்தினார். தமிழர் ஊரான பாண்டிருப்பில் இந்நேரம் கதவுகள் சாத்தியிருக்கும் என்று நினைத்தார். யாருக்கு முடிந்தது, எது முடிந்தது என்று அவருக்குப் பிடிபடவில்லை. கதவு என்றதும் பம்பு நினைவுக்கு வந்தது. எழும்பி ஓடினார்.

அதற்குள் குழாய் வெடித்திருந்தது. வாயு தண்ணீரோடு கலந்து, அறை மூலையிலிருந்த திறந்த தொட்டியால் குமிழி குமிழியாக வெளியேறியது. அதற்கு நிறமில்லை, காற்றைவிடப் பாரம். தரையோடு படிந்து, மூச்சுக்குரிய காற்றை மேலே தள்ளிவிடும். தண்ணீர் வராததால் முனவ்வறா அவரைத் தேடி வந்திருக்கிறாள். கதவில் அடித்துக் கூப்பிட்டு, பதில் இல்லையென்று உள்ளே போய், மெசினுக்குப் பின்னால் குனிந்து பார்த்திருக்கிறாள். குனிந்தவள் எழும்பவில்லை.

பாக்கியராசா வந்தபோது கதவு சாத்தியிருந்தது. வாசலில் ஒரு சோடிச் செருப்பு.

"தங்கம்!" என்று கத்தினார். கதவை இழுத்துத் திறந்து கல்லை வைத்தார், மெயின் சுவிட்சைத் தட்டினார், மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய் அவளை இரண்டு கையாலும் வாசலுக்கு வெளியே இழுத்துப் போட்டார். பெண்கள் ஓடி வந்தார்கள். காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரத்தில் முனவ்வறா இருமினாள். கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"ஆரு... தங்கம்?"

அவர் வாசலில் கிடந்த செருப்பை எடுத்து வந்து அவள் காலடியில் வைத்தார்.

மறுநாள் காலிதீன் ஹாஜியார் அந்த வயர்த் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இத ஆரு கட்டின?"

"நான்தான் ஹாஜியார்."

"என்னத்துக்கு, ராசா?"

"தண்ணி இரையக்குள்ள கடல் கேக்குதில்ல. அண்டைக்கும் கேக்கல்ல."

ஹாஜியார் வயரைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டார். ஏசத்தான் வந்தவர். "ஒரு புள்ளட உசிரும் மௌத்தும் இதுல தொங்கிச்சி" என்று மட்டும் சொன்னார். நிற்பதா, வேலையை விடுவதா என்று பாக்கியராசாவுக்குத் தெரியவில்லை. முனவ்வறாதான் குறுக்கே வந்தாள், தலையில் இன்னும் நோவுடன்.

"ஹாஜியார், கடல் பாக்கிற பக்கம் சுவர ஒடச்சி ஒரு ஜன்னல் வைங்க. ராசாண்ண, நீங்க காதுக்கு வேல குடுக்காதீங்க. கடல் வந்தா நான் வந்து கூட்டுற தும்புத்தடியால தோள்ல ஒரு குத்துக் குத்துவன். மறுகா ரெண்டு பேரும் ஓடுவம்."

"மறந்து போட்டு நீ மட்டும் ஓடிருவாய்."

"குத்தாமப் போனா நான் முனவ்வறா இல்ல."

குழாய் மாற்றினார்கள். காவல் தகடு கட்டில்லாமல் வேலை செய்தது. ஜன்னலும் வந்தது. பாக்கியராசா அதன் பிறகு பம்பைத் தனியாக நிறுத்தவில்லை. தண்ணீர் இரையும்போது தோளைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்.

பெருநாள் கழிந்து ஒரு பின்னேரம், தோளில் ஏதோ பட்டது. லேசாக, இரண்டு தரம். திரும்பினார். யாருமில்லை. முட்டுக்கல் வைத்த இடத்தில் இருந்தது. கழுவும் அறையில் முனவ்வறா யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள்.

அவர் கொம்பிரசரை நிறுத்தினார். தண்ணீரை ஓடவிட்டுக் காத்திருந்தார். பிறகு பம்பை நிறுத்தினார். ஜன்னலால் பார்த்தார், கடல் தட்டையாகக் கிடந்தது. தோளைத் தடவினார். ஈரம். தலைக்கு மேலே குளிர்க்குழாய் வியர்த்துக்கொண்டுதான் இருந்தது. குழாயின் வியர்வை நல்ல தண்ணீர். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

உப்பு.

கொம்பிரசர் ஆறும்வரை அந்த அமைதியில் காத்து நின்றார். பிறகு முதலில் தண்ணீரைத் திறந்தார்.