மேல்மலைக்குப் போன பிலோமினா

காலாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. தேர்வு அறைக்குள் கைபேசி கூடாது என்பதால் என்னுடையதைத் தலைமையாசிரியையின் மேசைமேல் வைத்துவிட்டு வந்திருந்தேன். பாதித் தேர்வில் அவரே மாடியேறி வந்து வாசலில் நின்றார். "செல்வி, நீங்க கீழ போங்க. ஹாலை நான் பாத்துக்கிறேன். உங்க ஃபோன் விடாம அடிச்சுக்கிட்டே இருக்கு" என்றார்.

என் கணவருக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறி ஓடினேன். திரையில் மேல்மலைப் பள்ளியில் வேலைபார்க்கும் கணித ஆசிரியையின் பெயர் இருந்தது. கணவருக்கு ஒன்றுமில்லை என்று ஒரு நொடி மனம் இலேசானது. அந்த நொடியை நினைத்து இப்போதும் கூசுகிறேன். அழைத்ததும் எடுத்த ஆசிரியை, அழுதுகொண்டே, "பிலோமினா மிஸ் தவறிட்டாங்க செல்வி மிஸ்" என்றார்.

திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்து, கொடைக்கானலுக்கும் அப்பால் மேல்மலைச் சிற்றூர் ஒன்றின் அரசு மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் ஆசிரியையாக இருந்தவர் பிலோமினா. அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. அறியாதவர்களுக்காகவும், சொல்லாமல் இருக்க முடியாததாலும் எழுதுகிறேன். இப்படி 'அவர்', 'இவர்' என்று எழுதுவதைப் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். நேரில் நாங்கள் 'டி' போட்டுத்தான் பேசுவோம்.

முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கும்போதுதான் பழக்கம். திண்டுக்கல்லில் ஒரு பயிற்சி மையத்தில் சேரப் போனபோது சந்தித்தோம். கணக்குக்கும் வேதியியலுக்கும் உட்கார இடமிருக்காது. எங்கள் பாடத்துக்கு மொத்தமே நாங்கள் இருவர். இரண்டு பேருக்காக வகுப்பு நடத்த முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். படியிறங்கி வந்ததும், "ஏனுங்க அம்மணி, இப்ப என்ன பண்றதுங்க?" என்று நான் பிறந்த தொப்பம்பட்டியின் கொங்குப் பேச்சை அப்படியே பேசிக் காட்டினார். பார்த்து ஒரு மணி நேரம்கூட ஆகாத ஒருவர் கிண்டல் செய்தால் எனக்குக் கோபம் வரும். அன்று சிரிப்புதான் வந்தது.

அவருடைய அண்ணன் ஆரோக்கியம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிரியாணிக் கடை வைத்திருந்தார். மாடியில் குடும்பமாக வருகிறவர்களுக்கு ஓர் அறை. மதியக் கூட்டம் வரும்வரை அது காலியாகத்தான் கிடக்கும். அதுவே எங்கள் வகுப்பறையாயிற்று. புகுந்த ஊரான சித்தையன்கோட்டையிலிருந்து முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவேன். கீழே வெங்காயம் வதங்கும். மேலே நாங்கள் ஐரோப்பிய அரசியல் சிந்தனை படிப்போம்.

அந்தப் பகுதிதான் எனக்கு எமனாக இருந்தது. இந்திய அரசியலமைப்பு என்றால் மனப்பாடமாகச் சொல்வேன். எங்கோ, எந்தக் காலத்திலோ, யாரோ ஒருவர் அரசு எப்படிப் பிறந்தது என்று யோசித்ததை நான் எதற்குப் படிக்க வேண்டும்? பெயர்கள்கூட வாயில் நுழையவில்லை. பிலோமினா எல்லோருக்கும் வேறு பெயர் வைத்தார். சட்டம் இல்லாவிட்டால் மனிதரை மனிதர் கடித்துத் தின்றுவிடுவார் என்று அஞ்சியவர் 'பயந்த மனுசன்'. உழைப்பைக் கலந்தவனுக்கே நிலம் என்றவர் 'தோட்டக்காரர்'. மனிதன் சுதந்திரமாகப் பிறந்தும் கட்டுண்டு கிடக்கிறானே என்று ஏங்கியவர் 'நடைக்காரர்'. அவர் ஊர் ஊராக நடந்தவராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரியாணி தீர்ந்து அண்டா அடிதட்டும் நேரத்தில் கீழே ஒரே கூச்சல். ஒருவர் கையிலிருந்த பொட்டலத்தை இன்னொருவர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பிலோமினா என்னை மாடிப்படிக்கு இழுத்துப் போய்க் காட்டினார்.

"நல்லாப் பாத்துக்கடி. இதான் இயற்கை நிலை. இங்க ஒருத்தனுக்கும் உரிமை கெடையாது, பசி மட்டும்தான்."

அதற்குள் ஆரோக்கியம் கல்லாவிலிருந்து எழுந்து கத்தினார். "டோக்கன் வாங்கிட்டு வரிசைல நில்லுங்கப்பா! இல்லேன்னா ஒருத்தருக்கும் கெடையாது!"

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே வரிசையானது.

"இந்தா, அரசு பொறந்துருச்சு" என்றார் பிலோமினா. "எல்லாரும் கையக் கீழ எறக்கிட்டாங்க, எங்கண்ணன் ராசாவாயிட்டாரு. பயந்த மனுசனுக்கு இம்புட்டுப் போதும். ஆனா அண்ணன் தனக்குன்னு நாலு தட்டு ஒதுக்கி வச்சிருந்தா? அங்கதான் தோட்டக்காரர் வாராரு. டோக்கனத் திருப்பிக் குடுத்துட்டு ஆளை மாத்துங்கறாரு."

பிறகு தேர்வு அறையில் அந்தப் பகுதிக் கேள்விகளுக்கு விடை குறித்தபோது எனக்கு வெங்காய வாசம் அடித்தது. ஒன்றுகூடத் தவறவில்லை.

தேர்வுக்குச் சில மாதம் இருக்கும்போது என் கணவர் தென்னை மரத்திலிருந்து விழுந்துவிட்டார். முதுகெலும்பில் அடி. உயிர் பிழைத்ததே பெரிது, நடப்பது சந்தேகம் என்றார்கள். மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. நான் புத்தகங்களைப் பரணில் ஏற்றிவிட்டேன். திண்டுக்கல்லுக்குப் போவதும் நின்றது.

ஒரு நாள் மதியம் பை நிறையப் புத்தகத்தோடு பிலோமினா வீட்டு வாசலில் நின்றார். "நீ வரலேன்னா நான் வாரேன்" என்றார். அதற்குப் பிறகு தினமும் வந்தார். நான் கணவரைப் புரட்டிப் படுக்க வைப்பேன், உடம்பு துடைப்பேன், கஞ்சி கொடுப்பேன். பிலோமினா கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். சந்தேகம் கேட்பார். பதில் தெரியவில்லை என்றால் மறுபடி படிப்பார். வலியில் யாரோடும் பேசாமல் கிடந்த என் கணவர் ஒரு நாள் தானாக வாயைத் திறந்து, "ஏம்மா, அந்தப் பயந்த மனுசன் கடைசில என்னதான் ஆனாரு?" என்று கேட்டார்.

"நல்லா வயசாகி, படுக்கைலதான் செத்தாருண்ணே" என்றார் பிலோமினா.

"அப்ப எதுக்கு அம்புட்டுப் பயம்?" என்று கேட்டுச் சிரித்தார் அவர். விழுந்த பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

இருவருமே தேறினோம். தரவரிசையில் பிலோமினா எனக்கு முன்னால் இருந்தார். கலந்தாய்வு நாளில் எங்கள் முறை வந்தபோது மாவட்டத்தில் எங்கள் பாடத்துக்கு இரண்டே இடங்கள் மிச்சம். ஒன்று ஆத்தூர்ப் பக்கம், என் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் செத்த நேரத்தில் போய்விடலாம். மற்றொன்று மேல்மலை. அங்கே போனால் குடியிருக்கத்தான் வேண்டும். முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியவர் பிலோமினா. அவருக்கும் ஆத்தூர்தான் பக்கம். அம்மா, அண்ணன், கோயில், கூட்டாளிகள் எல்லாம் திண்டுக்கல்லில்தான்.

பெயர் கூப்பிட்டதும் எழுந்தவர், என்னிடம் திரும்பி, "அண்ணே இப்ப எந்திரிச்சு உக்கார்றாரா?" என்று என் கணவரைப் பற்றிக் கேட்டார்.

"பிடிச்சு உக்கார வச்சா உக்கார்றார்டி."

தலையாட்டிவிட்டு உள்ளே போனார். உடனே திரும்பி வந்தார். "மேல்மலை போட்டுட்டேன்" என்றார்.

"ஏன்டி?"

"எனக்குத்தான் வெயில் ஒத்துக்காதே. கேரட்டு, பீன்ஸெல்லாம் செடியிலருந்தே பறிச்சுத் திங்கலாம்ல?"

சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சுற்றி வருகிறவர் அவர். பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். 'வேண்டாம், மாற்றிச் சொல்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய் ஆத்தூர்ப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தேன். வெளியே வரும்போது எனக்கு இருந்தது வருத்தம் அல்ல, சந்தோஷம். இதைக் குறைத்து எழுத என்னால் முடியவில்லை.

அந்த மார்கழியில் அவரைப் பார்க்க மேலே போனேன். இரண்டு ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டு கட்டி, வகுப்பில் நின்றுகொண்டிருந்தார். விரல்கள் விறைத்துப் போய்ச் சாக்கட்டியை முழுக் கையால் பிடித்து எழுதினார். வகுப்பு முடிந்து அவர் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்தேன். ஒரு பை கேரட் கொடுத்தார். வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

என் கணவர் கோலூன்றி நடக்கத் தொடங்கிய பிறகு, மனமொத்த மாறுதல் வாங்கிக்கொள்ளலாம், நான் மேலே வருகிறேன், நீ கீழே வா என்று ஒரு முறை போனில் சொன்னேன். "போடி, என் பிள்ளைங்க ப்ளஸ் டூ எழுதுதுக. பாதியில விட்டுட்டு வரச் சொல்றியா?" என்றார். அடுத்த ஆண்டு மறுபடி கேட்டிருக்கலாம். அந்த ஆண்டும் அவர் பிள்ளைகள் ப்ளஸ் டூ எழுதியிருப்பார்கள்தான். ஆனால் நான் கேட்கவே இல்லை. அவர் மறுத்தது எனக்கு வசதியாக இருந்தது.

மலையில் அவர் செய்ததைப் பிறர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். உருளைக்கிழங்கு அறுவடை வந்தால் பிள்ளைகள் பள்ளியை விட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பிலோமினா தோட்டத்துக்கே போய், வரப்பில் நின்று பாடம் நடத்துவாராம். அவர் பாடத்தில் தோற்றவர்கள் குறைவு. படித்த பெண்களில் சிலர் இப்போது மதுரையில் சட்டம் படிக்கிறார்கள்.

போன மாதம் பேசியபோது தோள்பட்டை வலிக்கிறது என்றார். "தண்ணிக் கொடம் தூக்குனது" என்றார். டாக்டரைப் பார் என்றேன். தேர்வு முடியட்டும் என்றார். நானும் சரி என்றேன்.

அன்று காலை பள்ளிக்குக் கிளம்பியவர் வழியில் பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜீப்பில் ஏற்றிக் கொடைக்கானலுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். முந்தின நாள் மழையில் சாலையில் மரம் விழுந்து கிடந்தது. ஊர்க்காரர்கள் அரிவாளும் கோடாரியுமாக வெட்டினார்கள். மரத்தை நகர்த்தும்வரை பிலோமினா இருக்கவில்லை. ஆத்தூரிலிருந்து திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு நேரான தார்ச்சாலை. அந்தச் சாலையில்தான் நான் இத்தனை ஆண்டும் போய்வந்துகொண்டிருக்கிறேன்.

அடக்கம் திண்டுக்கல்லில் நடந்தது. மலையிலிருந்து வேன் பிடித்துப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும் ஆரோக்கியம் அண்ணன் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணே, அந்த ஊரு எனக்கு வரவேண்டியதுங்க" என்றேன்.

"தெரியும்மா" என்றார். "அன்னைக்கே வீட்ல வந்து சொன்னா. நான் திட்டுனேன். ரொம்ப நாளு அவகூடப் பேசல."

"எம்மேல கோவங்களாண்ணே?"

"இருந்துச்சு. இல்லேன்னு சொன்னா பொய்யி. நீ ஒரு வார்த்த வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல? ஆனா நீ சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டா. அதுவும் எனக்குத் தெரியும்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இனி யாரு மேல கோவப்பட்டு என்ன ஆகப்போவுது. உள்ள போயி அம்மாவப் பாத்துட்டுப் போ."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

மேல்மலைப் பள்ளிக்குப் புது ஆசிரியர் வர நாளாகும் என்றார்கள். பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு இருக்கிறது. வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். "போறியா?" என்று மட்டும் கேட்டார். "போறேனுங்க" என்றேன். மாற்றுப்பணி கேட்டு விண்ணப்பித்தேன். வாரத்தில் மூன்று நாள் அங்கே தங்கிப் பாடம் நடத்த அனுமதி கிடைத்தது.

முதல் நாள் அந்தக் கணித ஆசிரியை என்னை வகுப்புக்கு அழைத்துப் போனார். "பிலோமினா மிஸ்ஸுக்கு இந்த ஊர் உயிரு மிஸ். கீழ போகவே புடிக்காது அவங்களுக்கு" என்றார். அதை நம்பிவிட எனக்கு ஆசையாக இருக்கிறது. உண்மையாகவும் இருக்கலாம். அவர் எந்த இடத்தில் இருந்தாலும் அதை நேசித்துவிடக் கூடியவர். ஆனால் அதைச் சொல்லி என்னை ஆறுதல்படுத்திக்கொள்ளும் உரிமை எனக்கில்லை என்றே நினைக்கிறேன்.

பிலோமினா, உங்கள் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். இடைவேளையில் பள்ளியின் கிழக்குச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு குளிர்காய்ந்தபடி படிக்கிறார்கள். அங்கே வெயில் ஒரு பாய் அகலத்துக்குத்தான் விழுகிறது. அது நகர நகர, தலையை நிமிர்த்தாமலே எல்லோரும் சேர்ந்து நகர்ந்துகொள்கிறார்கள். நேற்று ஒரு பெண், "இங்க உக்காருங்க மிஸ், அங்க குளிரும்" என்று சொல்லி ஒதுங்கி இடம் விட்டாள். அவர்கள் நடுவில் உட்கார்ந்தேன். அடுத்த பாடத்தை உரக்கப் படிக்கச் சொன்னேன்.

போய் வாருங்கள்.