பத்துக் கோடியே ஏழு

எடைச் சீட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் 100000007 என்று எழுதி, ஒரு கோடு இழுக்கிறார் பாலசுப்பிரமணியம். பக்கத்தில் டீ ஆறிக்கொண்டிருக்கிறது. கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். காலையில் ஒரு வகுத்தல் முடியாமல் டீயைத் தொடமாட்டார்.

பத்துக் கோடியே ஏழு ஒரு பகா எண் என்பது அவர் கட்சி. அதாவது, ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. "பாத்தாலே தெரியலீங்களா? ஒரு தொணையுமில்லாம எப்படி நிக்குது பாருங்க" என்பார். தெரிந்தால் போதாதாம், நிரூபிக்க வேண்டுமாம். அதன் வர்க்கமூலம் வரை, அதாவது பத்தாயிரம் வரை, உள்ள பகா எண்களால் வகுத்தால் போதும்; அவை ஆயிரத்து இருநூற்று இருபத்தொன்பது. அத்தனையாலும் வகுத்து, அத்தனையிலும் மீதி வந்தால் ஜெயம். தினம் ஒன்று, ஞாயிறு லீவு. நாலு வருடத்தில் முடிந்துவிடும். ஆடி மாதம் முதல் வேலையாக இரண்டால் வகுத்தார். ஒற்றைப்படை எண் என்று தெரிந்தும் வகுத்தார்.

செல்போனில் ஒரு நொடியில் தெரியுமே என்றேன், அதே எஸ்டேட்டில் வேலை செய்யும் நான்.

"அப்புறம் அது செல்லு கண்டுபுடிச்சதுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எடை போடும்போது ஆளே வேறு. மழையில் நனைந்த காப்பிப் பழ மூட்டை தராசில் ஏறினால், ஈரத்துக்கென்று மூட்டைக்கு நாலு கிலோ கழித்துத்தான் எழுதுவார். பழம் பறிக்கும் அத்தாயி, "எம் மூட்டையில தண்ணி எங்கீங்க இருக்குது?" என்று தினமும் சண்டை பிடிப்பாள். அதெல்லாம் அவர் காதில் விழாது.

கார்த்திகையில் ஒரு வாரம் விடாத மழை. அறுநூற்று நாற்பத்து மூன்றால் வகுத்த அன்று மீதி வரவில்லை. சுத்தமாக சைபர். "ஒடஞ்சு போச்சுங்க" என்றார். நாலரை மாதமாகக் கிண்டல் செய்தவன் நான். அன்று எனக்கே பாவமாக இருந்தது. டீயை அப்படியே கீழே ஊற்றிவிட்டார்.

சாயங்காலம் எடைக் கொட்டகையில் கிடந்த சீட்டை அத்தாயிதான் எடுத்துப் பார்த்தாள். கேட்டுக் கேட்டு அவளுக்கும் அந்த நம்பர் மனப்பாடம்.

"ஏனுங்க ரைட்டரே, உங்க நம்பரு ஏழுல முடியுமுங்களே? இதுல மூணுல்லங்க போட்டிருக்குது." சற்று யோசித்தவள் சிரித்துவிட்டாள். "நம்பருக்கும் ஈரம் கழிச்சுப் போட்டீங்களாட்டம்!"

சீட்டைப் பிடுங்கிப் பார்த்தார். 100000003. ஒரு வாரமாக மூட்டை மூட்டையாக நாலு கழித்த கை, காலையில் தூக்கக் கலக்கத்தில் இதிலும் கழித்திருக்கிறது. மூட்டையோடு நின்ற வரிசையைக் காக்கவைத்து, அங்கேயே ஏழு போட்டு மறுபடி வகுத்தார். மீதி நாலு வந்தது.

"நிக்குதுங்க!" என்று கத்தினார். எனக்கும் உள்ளபடியே சந்தோஷம்தான்.

அடுத்து அத்தாயியின் மூட்டை தராசில் ஏறியது. சொட்டச் சொட்ட நனைந்த சாக்கு. முள் ஐம்பத்திரண்டைக் காட்டியது. பாலசுப்பிரமணியம் பேனாவை எடுத்தார். அவள் பக்கம் பார்க்காமல், ஐம்பத்திரண்டு என்று எழுதினார்.