காயாத பட்டம்

துபாயிலிருந்து வருகிறவர்கள் டிவி கொண்டுவருவார்கள், கனமான கம்பளிப் போர்வை கொண்டுவருவார்கள். என் வாப்பா ஒரு கிழிந்த பட்டத்தைக் கொண்டுவந்தார்.

பரங்கிப்பேட்டையில் எங்கள் தெருவுக்கே அது கேலியாகப் போயிற்று. உம்மாவின் தம்பியான மாமா பையைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரிசிரியென்று சிரித்தார்.

"இன்னா மச்சான், ஏரோப்ளேன்ல ஏத்தியார வேற சாமானே கெடைக்கலியா உங்களுக்கு?"

வாப்பாவுக்குக் கோபமே வராது. "பிரிச்சுப் பாத்துட்டுப் பேசு மாப்ள," என்றார்.

பிரித்தபோது எங்கள் கூடம் பத்தவில்லை. முன்விளிம்பு முழுக்கக் காற்றடித்துப் புடைக்க வைக்கும் குழாய், தோணிப் பாய் போன்ற துணி, அதன் நடுவே இரண்டு ஒட்டு. வெள்ளைக்காரர்கள் காலில் ஒரு பலகையை மாட்டிக்கொண்டு, இந்தப் பட்டத்தை இடுப்பில் கொக்கி போட்டுக்கொண்டு, காற்று இழுக்க இழுக்கக் கடல்மேல் சறுக்கிப் போவார்களாம். துபாய்க் கடற்கரையில் ஒரு கடையில்தான் வாப்பாவுக்கு வேலை. அவர்கள் ஆடி முடித்துப் போட்டுவிட்டுப் போகும் பட்டங்களைக் கழுவி, உலர்த்தி, மடித்து அடுக்க வேண்டும். ஐந்து வருஷத்தில் ஒரு பட்டத்தையும் அவர் பறக்கவிட்டதில்லை. கடைக்காரன் வேண்டாமென்று தூக்கிப் போட்டதை ஒட்டுப் போட்டு எடுத்து வந்திருந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வாப்பா இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாசம் வருவார். வந்த புதிதில் வெட்கமாக இருக்கும், உம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நிற்பேன். வெட்கம் தெளிந்து, அவர் முதுகில் ஏறி உட்காரத் தொடங்கும்போது லீவு முடிந்துவிடும். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தத் தடவை கிளம்புவதற்கு முதல் நாள் மதியம்தான் அவருக்குத் தைரியம் வந்தது. முகத்துவாரத்துக்குப் பக்கத்து மணலில் மாமாவும் அவரும் மாறி மாறிப் பம்ப் அடித்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். கடல்காற்று பிடித்ததும் பட்டம் விர்ரென்று மேலே போயிற்று. வாப்பா இரண்டு காலையும் மணலில் புதைத்து, அண்ணாந்து பார்த்து, வாய்விட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம்தான். பிறகு பட்டம் தலைகுப்புறக் கடலில் விழுந்தது. மாமாவுக்கு ஒரு வாரத்துக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா கடைவேலைக்காரராக மாறிவிட்டார். எங்கள் கொல்லைத் தொட்டியில் இருப்பது உப்புத் தண்ணீர், பாத்திரம் கழுவத்தான் ஆகும். நல்ல தண்ணீர் தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். அதைத்தான் அவர் குடம் குடமாகப் பட்டத்தின்மேல் ஊற்றினார்.

"குடிக்கிற தண்ணிங்க அது!" என்று உம்மா அடுப்படியிலிருந்து கத்தினார். "பட்டத்துக்கு என்னா தாகமா?"

"உப்பு இருந்தா துணி போயிடும். மணல் இருந்தா மடிப்புல அறுத்துரும்," என்றார் வாப்பா. துணியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். "கரிக்குதாம்மா?" கரித்தது. இன்னொரு குடம். மறுபடி நாக்கு. மூன்றாவது தடவை, "இப்ப கரிக்கல," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கொல்லையில் கொடிகட்டி நிழலில் விரித்தார். வெயில் பட்டால் துணி நைந்துபோகுமாம்.

"காயாம மடிச்சா பூசணம் புடிச்சிரும்," என்றார். "காலையில காஞ்சிரும். மடிச்சு வச்சுட்டு மத்தியான பஸ்ஸுக்குக் கெளம்பிருவேன். மடிக்காமப் போனா எனக்கு மனசு ஒப்பாது."

அந்தக் கடைசி வார்த்தையை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். காயவில்லையென்றால் மடிக்க முடியாது. மடிக்கவில்லையென்றால் போக மாட்டார். இவ்வளவு சுலபமான விஷயம் உம்மாவுக்கு ஏன் இத்தனை வருஷமாகத் தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் காலை வாப்பா சொந்தக்காரர் வீடுகளுக்குச் சலாம் சொல்லிக்கொள்ளப் போனார். பட்டம் மொரமொரவென்று காய்ந்திருந்தது. உம்மா பெட்டியில் ஊறுகாய்ப் பாட்டில் கசியாமல் இருக்கத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். நான் கொல்லைத் தொட்டியில் மக்கை முக்கி முக்கிப் பட்டத்தின்மேல் ஊற்றினேன். நல்ல தண்ணீரைத் தொட்டால் உம்மாவுக்குக் குடத்தில் தெரிந்துவிடும். தொட்டித் தண்ணீரை யார் அளக்கப் போகிறார்கள்? என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். பாவாடை நனைந்துவிட்டது. அதையும் மாற்றிக்கொண்டு நல்ல பிள்ளையாகப் போய் உட்கார்ந்தேன்.

வாப்பா வந்தார். பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக் கொல்லைக் கதவோரம் வைத்திருந்தார்கள். மாமா கொல்லைவாசலில் பைக்கோடு நின்றார். சிதம்பரத்துக்குப் போய், சென்னை பஸ் பிடித்து, ராத்திரி சிநேகிதர் ரூமில் தங்கி, மறுநாள் சாயங்காலம் ஏரோப்ளேன். இதுதான் திட்டம்.

வாப்பா பட்டத்தைத் தொட்டார். சொட்டிற்று. விரலை நாக்கில் வைத்தார். தலையை நிமிர்த்தினார்.

"இன்னும் காயல," என்றார்.

"மச்சான், பஸ்ஸு போயிரும்!"

"போவட்டும். வெடிகாலையில மொத பஸ்ஸுக்குப் போறேன். நேரா ஏர்போர்ட்டுக்குப் போயிடலாம்."

"ஒரு துணிக்கா இவ்ளோ கூத்து?" என்று முனகிக்கொண்டே மாமா பைக்கைத் திருப்பினார்.

வாப்பா சட்டையைக் கழற்றிவிட்டு, மிச்சமிருந்த நல்ல தண்ணீரையெல்லாம் எடுத்து வந்து பட்டத்தை முதலிலிருந்து மறுபடி கழுவினார். ஈரம்தானே, விட்டால் காயாதா, எதற்கு மறுபடி கழுவுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டால் மாட்டிக்கொள்வேன். செம்பு எடுத்துக் கொடுத்தேன். உம்மா அன்று தண்ணீருக்காகத் திட்டவே இல்லை. பக்கத்து வீட்டில் இரண்டு குடம் கடன் வாங்கி வந்து, இறாலை ஆய உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஒரு மதியம் எனக்குக் கிடைத்தது. வாப்பா மடியில் உட்கார்ந்து இறால் ஆணம் ஊற்றிப் பிசைந்த சோறு சாப்பிட்டேன். இருட்டியதும் பட்டத்தைக் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே கட்டினோம். நாங்கள் மூன்று பேரும் அதன் அடியில் படுத்துக்கொண்டோம்.

விடியற்காலையில் அது காய்ந்திருந்தது. வால்வைத் திறந்து, மிச்சக் காற்று போக என்னை அதன்மேல் உருளச் சொன்னார். இரண்டு நுனியிலிருந்தும் நடுவைப் பார்த்துத் தளர்வாகச் சுருட்டினோம். கயிறுகளைக் கைப்பிடியில் எட்டுப் போல் சுற்றினார். பையை மூடிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினோம்.

"மேல பாரம் வைக்காதீங்க. பாச்சா உருண்டை போடாதீங்க," என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு, என் தலையில் கை வைத்தார். பிறகு போய்விட்டார். நான் பைக்குப் பக்கத்தில் கட்டிலுக்கு அடியிலேயே படுத்து அழுதேன்.

வாப்பாவை ஏமாற்றிவிட்டேன் என்று ரொம்ப நாள் எனக்குப் பெருமையும் பயமும் இருந்தது. பத்தாவது படிக்கும்போது ஒருநாள் கொல்லைத் தொட்டியில் முகம் கழுவினேன். உதட்டில் பட்ட தண்ணீர் கரித்தது. தினமும் கரிப்பதுதான். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"இப்ப கரிக்கல" என்று அவரே தீர்ப்புச் சொன்ன பட்டம் அது. விரலை நாக்கில் வைத்த அந்த நிமிஷமே, யார் வேலை, எந்தத் தண்ணீர், எதற்காக என்று எல்லாமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது வயதில் நான் என் ஆசையை மட்டும்தான் அறிந்திருந்தேன். "இன்னும் காயல" என்று சொன்னபோது வாப்பா பட்டத்தைப் பார்க்கவில்லை. கதவோரம் கட்டி வைத்திருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.